கடலோரக் கான்கிரீட்: வலிமை வேறு, ஆயுள் வேறு

கடற்கரை ஊர்களில் பதினைந்து இருபது வருடம் ஆன கான்கிரீட் வீடுகளுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலும் ஒரே காட்சிதான். கம்பி ஓடும் வரிசையிலேயே கூரையில் நீளமாக விரிசல் விட்டிருக்கும். சில இடங்களில் காரை பெயர்ந்து விழுந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரியும். "உப்புக்காத்து, என்ன பண்றது" என்று சொல்லிவிட்டு, விழுந்த இடத்தில் சிமெண்ட் பூசி வெள்ளையடித்து விடுவார்கள். இரண்டு மழைக்காலம் தாங்கும். அப்புறம் அந்தப் பூச்சோடு சேர்ந்து இன்னும் பெரிய துண்டாக விழும்.

உப்புக்காற்றைத் தடுக்க முடியாது, சரி. ஆனால் அதே கடற்கரையில் சில கட்டடங்கள் எழுபது எண்பது வருடம் நிற்கின்றனவே, அது எப்படி? என் மச்சான் நாகப்பட்டினம் பக்கம் கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வீடு கட்ட முடிவுசெய்து, "நீதான் எதையாவது படிச்சிட்டே இருப்பியே மாப்ள, என்ன சிமெண்ட் போடலாம்னு பாத்து சொல்லு" என்று கேட்டதிலிருந்து இதைத் தோண்டிக்கொண்டிருக்கிறேன். நான் சிவில் ஆள் இல்லை, மென்பொருள் ஆள். எங்கள் தொழிலில் ஒன்று புரியவில்லை என்றால் முதலில் அதற்கான ஸ்பெசிஃபிகேஷனைத் திறப்போம். அந்தப் பழக்கத்தில் இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 456-ஐத் திறந்து, அங்கிருந்து ஆய்வுக் கட்டுரைகளுக்குப் போனேன். சேர்த்து வைத்த குறிப்புகள்தான் இவை. உங்கள் வீட்டுக்கான டிசைனை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் போட வேண்டும். அவரிடம் என்ன கேட்கலாம் என்பதற்கு இது உதவும்.

கெடுவது கான்கிரீட் அல்ல, கம்பி

கான்கிரீட் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதற்காகத்தான் உள்ளே இரும்புக் கம்பி. கம்பி ஏன் சாதாரணமாகத் துருப்பிடிப்பதில்லை? சிமெண்ட்டும் தண்ணீரும் வினைபுரியும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது சுண்ணாம்பு, நிறைய உண்டாகிறது. அதனால் கான்கிரீட்டின் நுண்துளைகளில் இருக்கும் நீரின் பிஹெச் 12.5-க்கும் மேலே இருக்கும். அவ்வளவு காரமான சூழலில் கம்பியின் மேல் மிக மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உருவாகி, அதைப் போர்த்திக்கொள்கிறது. படலம் இருக்கும்வரை துரு இல்லை.

இந்தப் படலத்தை உடைக்க இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது மெல்ல உள்ளே வந்து சுண்ணாம்போடு சேர்ந்து காரத்தன்மையைக் குறைக்கும். இது எல்லா ஊரிலும் நடப்பது. இரண்டாவது குளோரைடு, அதாவது உப்பு. கடலோரத்தில் இதுதான் பெரிய எதிரி. பிஹெச் குறையாவிட்டாலும், போதுமான குளோரைடு கம்பியைத் தொட்டால் படலத்தில் அங்கங்கே ஓட்டை விழும். அங்கே துரு ஆரம்பிக்கும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். உள்ளே இடம் ஏது? அதனால் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கூரையில் கம்பி வரிசையிலேயே விரிசல் விடுவதற்குக் காரணம் இதுதான். அந்த விரிசலை வெளியே பூசி மறைத்தால், உள்ளே நடக்கும் வேலை நிற்காது.

பலரும் நினைப்பதற்கு நேர்மாறான ஒரு விஷயம் உண்டு. கடலுக்குள் முழுசாக மூழ்கிய கான்கிரீட்டில் துரு மெதுவாகத்தான் போகும், ஏனென்றால் துருப்பிடிக்க ஆக்சிஜனும் வேண்டும். மோசமான இடம், அலை ஏறி இறங்கும் பகுதியும் நீர் தெறிக்கும் பகுதியும்தான். நனைகிறது, காய்கிறது, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. மறுபடி நனைகிறது, இன்னும் உப்பு. ஐஎஸ் 456 இதை அப்படியே வகைப்படுத்துகிறது. கடலோரச் சூழலும் முழுக்க மூழ்கிய நிலையும் "கடுமையானது". கடல்நீர் தெறிக்கும் பரப்பு "மிகக் கடுமையானது". ஓதம் ஏறி இறங்கும் பகுதி "உச்சக் கடுமை".

இது வீட்டுக் கூரையோடு நிற்கிற பிரச்சினை இல்லை. கோவாவில் மாண்டவி ஆற்றின் மேல் 1970-களின் தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்த பாலம் 1986 ஜூலையில் இடிந்து விழுந்தது. கடல்நீர் ஏறும் கழிமுகம் அது. உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகு வடங்கள் அரித்துப்போயிருந்தன. பாரத்தைத் தாங்கும் வலிமை கட்டும்போது இருந்தது. அந்த வலிமை அங்கேயே இருக்குமா என்பதுதான் ஆயுள் பற்றிய கேள்வி.

உப்பு கம்பியைத் தொட எத்தனை நாள்?

மென்பொருள் ஆளுக்குப் பிடித்த பகுதி இது. உப்பு கான்கிரீட்டுக்குள் போவதை, தண்ணீரில் மைத்துளி பரவுவதைப்போல ஊடுபரவலாக எடுத்துக்கொள்ளலாம். ஃபிக் விதி என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். அதை வைத்து நாலு வரியில் ஒரு பைத்தான் நிரல் எழுதிப் பார்த்தேன். மேற்பரப்பில் சேரும் குளோரைடு, துரு தொடங்கத் தேவையான அளவைப்போல் பத்து மடங்கு என்று வைத்துக்கொண்டேன். ஊடுருவும் வேகத்தைச் சொல்லும் குணகத்தை நொடிக்கு ஒரு சதுர மீட்டரின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்று எடுத்துக்கொண்டேன். கம்பிக்கு மேல் இருக்கும் கான்கிரீட்டின் கனத்தைத்தான் தளத்தில் "கவர்" என்கிறார்கள். அதை மட்டும் மாற்றினால் துரு தொடங்கும் நாள் இப்படி வருகிறது:

- கவர் 25 மி.மீ.: சுமார் 3.7 ஆண்டு
- கவர் 50 மி.மீ.: சுமார் 14.6 ஆண்டு
- கவர் 75 மி.மீ.: சுமார் 33 ஆண்டு

இது எளிமையாக்கிய, கறாரான கணக்கு. கடலிலிருந்து தள்ளி இருக்கும் வீட்டுக்கு ஆண்டுகள் கூடும். துரு தொடங்கிய அன்றே கூரை விழுந்துவிடாது. நாம் பார்க்க வேண்டியது விகிதத்தை. கவர் இரண்டு மடங்கானால் காலம் நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு. காலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஐஎஸ் 456 லேசான சூழலுக்கு 20 மி.மீ. கவர் போதும் என்கிறது. கடலோரத்துக்கு 45 மி.மீ. கேட்கிறது. கூடுதலாக ஒரு அங்குலம்தான், ஆனால் காலக் கணக்கில் அது ஐந்து மடங்கு.

இப்போது கவரைத் தொடாமல் கான்கிரீட்டை மட்டும் ஐந்து மடங்கு "அடைப்பானதாக" ஆக்கினால்? அதே 25, 50, 75 மி.மீ.க்கு முறையே 18, 73, 165 ஆண்டுகள் வருகின்றன. ஆக, நம் கையில் இருப்பவை இரண்டே பிடிகள். கம்பிக்கும் காற்றுக்கும் இடையே எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தை உப்பு கடப்பது எவ்வளவு கஷ்டம். கான்கிரீட்டின் கிரேடு இந்தக் கணக்கில் நேரடியாக எங்குமே வரவில்லை, கவனித்தீர்களா?

தளத்தில் இந்த முதல் பிடி எப்படிப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைப்பதற்குப் பதில் ஜல்லித் துண்டைச் சொருகுவார்கள். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் கம்பி மேல் நடப்பார்கள். துண்டு நழுவும், கம்பி சென்ட்ரிங் பலகையில் போய் உட்காரும். வரைபடத்தில் 45 மி.மீ., கூரையில் 10. மேலே சொன்ன வர்க்கக் கணக்கில் அது இருபதில் ஒரு பங்கு ஆயுள்.

ஒரு மூட்டைக்கு எத்தனை லிட்டர்?

இரண்டாவது பிடி, அடைப்பு. கான்கிரீட் கல் மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஸ்பாஞ்ச் மாதிரிதான். அந்தத் துளைகளை உண்டாக்குவது நாம் ஊற்றும் தண்ணீர்.

50 கிலோ மூட்டை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அந்த சிமெண்ட் முழுதாக வினைபுரிய வேதியியல்படி தேவைப்படுவது 11, 12 லிட்டர் தண்ணீர். உருவாகும் பசையின் நுண்ணிடைவெளிகளில் தங்குவதையும் சேர்த்தால் 20 லிட்டர் வரும். அதற்கு மேல் ஊற்றும் ஒவ்வொரு லிட்டரும் பிறகு ஆவியாகிப் போகும், போன இடம் துளையாக நிற்கும். துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால் அது உப்புக்குப் பாதை.

கடலோரத்துக்கு ஐஎஸ் 456 விதிக்கும் உச்ச நீர்-சிமெண்ட் விகிதம் 0.45. ஒரு மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். இதில் மணலில் ஏற்கெனவே இருக்கும் ஈரமும் அடக்கம். மூட்டைக்கு 75 கிலோ மணல் போட்டு, அதில் 5 சதவீதம் ஈரம் இருந்தால், பக்கெட்டை எடுக்கும் முன்பே கிட்டத்தட்ட 4 லிட்டர் உள்ளே போய்விட்டது. ஆனால் கலவை "ஓடணும்" என்பதற்காகத் தளத்தில் இன்னொரு அரை பக்கெட் தண்ணீர் விழும். 30 லிட்டர் ஆனால் விகிதம் 0.6. கலவை வழுக்கிக்கொண்டு ஓடும், வேலை சீக்கிரம் முடியும், ஆயுள் அங்கேயே பாதிக்கும் கீழே போய்விடும். ஓட்டம் வேண்டுமென்றால் அதற்கு சூப்பர் பிளாஸ்டிசைசர் என்ற திரவம் இருக்கிறது. ரெடிமிக்ஸ் லாரியில் வருவதும் அதனால்தான் இளகலாக வருகிறது. அந்த லாரிக் கலவையில் தளத்தில் தண்ணீர் சேர்த்தால் எல்லாம் போச்சு.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடல்நீரில் அது சுமார் 19,000. கடலோர போர்வெல் தண்ணீர் வாயில் வைத்தாலே கரிக்கிறது என்றால், உப்பு வெளியிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, நாமே உள்ளே வைத்துக் கட்டுகிறோம். கழுவாத கடல் மணலுக்கும் இதே கதைதான். மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

"ரெண்டு மூட்டை சேத்துப் போட்டுடலாம்"

மச்சானிடம் ஒப்பந்தக்காரர் சொன்ன தீர்வு இது. நாட்டில் எங்கே கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கான்கிரீட்டைப் பற்றிய நம் பொதுப்புத்தி "சிமெண்ட் கூடினால் பலம் கூடும்" என்பதோடு நின்றுவிடுகிறது. சிமெண்ட் கூடும்போது வினையின் சூடும் கூடும், சுருக்கமும் கூடும், அதனால் விரிசலும் கூடும். விரிசல் விட்டால் உப்பு ஊடுபரவிக் கஷ்டப்பட வேண்டாம், நேராக நடந்தே உள்ளே போகலாம்.

இன்னொரு விலையும் இருக்கிறது. சிமெண்ட்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சூளையில் 1450 டிகிரியில் சுட்டுச் செய்வது. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போகும். இது எரிபொருளின் புகை அல்ல, கல்லுக்குள்ளிருந்தே வருவது. சூளையை சூரிய சக்தியில் ஓட்டினாலும் இது நிற்காது. எரிபொருளையும் சேர்த்தால் ஒரு டன் கிளிங்கருக்கு முக்கால் டன்னுக்கு மேல் வெளியேறும். உலகின் மொத்தக் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்ட்டால்தான். ஏறும் கடல் மட்டத்தைத் தாங்கக் கடலோரத்தில் சுவர் எழுப்புகிறோம், அந்தச் சுவருக்கான சிமெண்ட்டே கடலை ஏற்றுகிறது என்றால் என்ன சொல்வது?

சாம்பலும் கசடும்

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது இந்த இடம்தான். வழக்கமாக "சூழலுக்கு நல்லது" என்றால் விலை கூடும் அல்லது தரம் குறையும் என்று எதிர்பார்ப்போம். கடலோரத்தில் மட்டும் இரண்டும் ஒரே பக்கம் நிற்கின்றன. கிளிங்கரைக் குறைத்தால் உப்புக்கு எதிரான ஆயுள் கூடுகிறது.

அனல் மின்நிலையத்தில் நிலக்கரி எரிந்து புகைபோக்கியில் பிடிக்கும் நுண்சாம்பல், இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடு, இந்த இரண்டிலும் சிலிக்காவும் அலுமினாவும் நிறைய. இவற்றை அரைத்து சிமெண்ட்டோடு சேர்த்தால் இரண்டு வேலைகள் நடக்கும். முதலாவது, சிமெண்ட் வினையில் மிஞ்சும் சுண்ணாம்போடு சிலிக்கா சேர்ந்து, கான்கிரீட்டுக்கு உறுதி தரும் அதே பசைப் பொருளை இன்னும் உண்டாக்கும். அது வளர்வது துளைகளுக்குள்ளேதான். பெரிய துளைகள் சிறிதாகும், பாதைகள் துண்டிக்கப்படும். இரண்டாவது, அலுமினா குளோரைடைப் பிடித்து உப்புப் படிகமாகக் கட்டிப்போடும். கட்டுண்ட குளோரைடு கம்பிவரை போகாது.

இந்திய சந்தையில் இவை புதிதல்ல. பிபிசி என்று மூட்டையில் போட்டிருப்பது சாம்பல் கலந்தது, 15 முதல் 35 சதவீதம்வரை. பிஎஸ்சி என்பது கசடு கலந்தது, 70 சதவீதம்வரை போகலாம். ஐஎஸ் 456 கடல்நீருக்கும் கடலோரத்துக்கும் தனியாக ஒரு பிரிவே வைத்து, கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம்30 இருக்க வேண்டும், கசடு அல்லது பொசோலானா சிமெண்ட் அனுகூலமானது என்று சொல்கிறது. இது 2000-ல் வந்த பதிப்பு. இருந்தும் "கூரைக்கு ஓபிசி 53 கிரேடுதான் சார்" என்ற பேச்சு இன்னும் போகவில்லை.

கடலோரம் என்றாலே "சல்பேட் தாங்கும் சிமெண்ட் வாங்குங்க" என்றும் சிலர் சொல்வார்கள். கடல்நீரில் சல்பேட் உண்டு என்பது உண்மை. ஆனால் அந்த வகை சிமெண்ட்டில் சல்பேட் தாக்காமல் இருக்க, ஓர் அலுமினேட் சேர்மத்தை வேண்டுமென்றே குறைத்திருப்பார்கள். குளோரைடைக் கட்டிப்போடுவதும் அதே சேர்மம்தான். கம்பி இருக்கும் கட்டடத்தில் சல்பேட்டைவிட குளோரைடுதான் முதல் கவலை. இரண்டுக்கும் நடுவே கசடு சிமெண்ட் நல்ல தேர்வு.

கார்பன் கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 360 கிலோ ஓபிசி, கிலோ கிளிங்கருக்கு 0.85 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் சுமார் 290 கிலோ. பாதி கசடாக மாற்றினால் சுமார் 150. இப்போது ஆயுளைச் சேருங்கள். முதலாவது 25 ஆண்டில் இடித்துக் கட்ட வேண்டியதாகி, இரண்டாவது 75 ஆண்டு நின்றால், முன்னதற்கு 870 கிலோ, பின்னதற்கு அதே 150. ஆறில் ஒரு பங்குக்கு அருகில். சிமெண்ட்டை மாற்றியதில் கிடைத்தது பாதி லாபம். மீதி லாபம் முழுக்க நீண்ட ஆயுளால் வந்தது. இடிக்காமல் இருப்பதைவிடப் பசுமையான கட்டடம் இல்லை.

சாம்பல் தீர்ந்துபோனால்?

நியாயமான கேள்வி. நிலக்கரி மின்நிலையங்கள் மூடப்பட்டால் சாம்பல் குறையும், கசடோ உலக சிமெண்ட் தேவைக்கு முன்னால் சிறிதளவு. அடுத்த நம்பிக்கை எல்சி3 எனப்படும் சுண்ணாம்புக்கல்-சுட்ட களிமண் சிமெண்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்ப நிறுவனத்தில் கேரன் ஸ்க்ரிவனர் தலைமையில் கியூபா, இந்திய ஆய்வாளர்கள் சேர்ந்து வளர்த்தது. நம் ஐஐடி டெல்லி, ஐஐடி மெட்ராஸ் இரண்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. செய்முறை விகிதம் கிளிங்கர் 50, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5. களிமண்ணைச் சுட 800 டிகிரியை ஒட்டிய சூடே போதும், சுண்ணாம்புக்கல்லை அரைத்தால் மட்டும் போதும். கார்பன் 30 முதல் 40 சதவீதம் குறைகிறது. பீங்கானுக்கு ஆகாத தரம் குறைந்த களிமண்ணும் இதற்கு ஆகும். குளோரைடைத் தடுப்பதில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. 2023-ல் இந்தியத் தரமாக ஐஎஸ் 18189 வந்துவிட்டது. பலவீனம் இல்லாமல் இல்லை. உள்ளே சுண்ணாம்பு குறைவாக இருப்பதால் முதலில் சொன்ன கார்பன் டை ஆக்சைடு எதிரிக்கு இது சற்று இளக்காரம். சரியாக நீராற்றாவிட்டால் அது பெரிதாகும்.

"அந்தக் காலத்துச் சுண்ணாம்பு ஆயிரம் வருஷம் நிக்கலையா?"

வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை வரும் கேள்வி. தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620-ல் தொடங்கிய கோட்டை, கடலை ஒட்டி இன்னும் நிற்கிறது. ரோமானியர்கள் இத்தாலியக் கடலில் இறக்கிய துறைமுகக் கான்கிரீட் இரண்டாயிரம் வருடமாகக் கடல்நீரிலேயே கிடக்கிறது. ரகசியத்தின் முதல் பாதி எளிது. அவற்றுக்குள் இரும்புக் கம்பி இல்லை. துருப்பிடிக்க ஒன்றுமில்லாத இடத்தில் உப்பு என்ன செய்யும்? அதனால் அவை கனமான சுவராக, வளைவாக மட்டுமே நின்றன. கம்பி இல்லாமல் நம் வீட்டுக் கூரையை அப்படித் தட்டையாகப் போட முடியாது.

மறுபாதிதான் சுவாரசியம். ரோமானியர்கள் சுண்ணாம்போடு கலந்தது நேப்பிள்ஸ் அருகே பொசுவோலி என்ற ஊரின் எரிமலைச் சாம்பல். கடல்நீர் உள்ளே ஊறி அந்தச் சாம்பலோடு வினைபுரிந்து புதுப்புதுப் படிகங்களை வளர்த்ததை மேரி ஜாக்சனின் குழு 2017-ல் விளக்கியது. பிபிசி மூட்டையில் "பொசோலானா" என்று அச்சடித்திருப்பது அந்த ஊரின் பெயர்தான். நம் அனல்மின் சாம்பல் செய்வதும் அதே குடும்பத்து வேலை.

கம்பியையே மாற்றினால்?

மெக்சிகோவின் யுகட்டான் கரையில் ப்ரோக்ரெசோ என்ற ஊரில் கடலுக்குள் இரண்டு கிலோமீட்டர் நீளும் ஒரு பாலத்துறை, 1937 முதல் 1941 வரை கட்டியது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி போட்டுக் கட்டினார்கள். பெரிய பழுது வேலை இல்லாமல் இன்னும் நிற்கிறது. 1960-களில் சாதாரணக் கம்பியில் பக்கத்திலேயே கட்டிய இன்னொரு துறையில் மிஞ்சியது சில தூண்களின் அடிக்கட்டைகள்தான். நம் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்திலும் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி பயன்பட்டிருக்கிறது. பக்கத்து மண்டபத்தில், காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமானத்தைச் சோதிக்க ஒரு நிலையமே வைத்திருக்கிறது. அந்தக் காற்று அப்படி. ஆனால் இந்தக் கம்பி சாதாரணக் கம்பியைவிடப் பல மடங்கு விலை. பாலத்துக்குச் சரி, வீட்டுக்குக் கட்டாது.

எபாக்சி பூசிய கம்பி மலிவு. அதற்கு ஃபுளோரிடா கீஸ் பாலங்களின் பாடம் இருக்கிறது. பூசிய கம்பியோடு 1980 வாக்கில் கட்டிய லாங் கீ பாலத்தின் தூண்களில், நீர் தெறிக்கும் பகுதியில், 1986-லேயே அரிப்பு தெரிந்துவிட்டது. வளைக்கும்போதும் இழுக்கும்போதும் பூச்சில் கீறல் விழுந்தால், அரிப்பு அந்தக் கீறலைத் தேடிப் பிடிக்கும். நம் தளங்களில் கம்பியை எப்படிக் கையாள்கிறோம் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கண்ணாடி நார்க் கம்பி துருவே பிடிக்காது, ஆனால் தளத்தில் வளைக்க முடியாது. பாரம் மிஞ்சினால் இரும்பைப்போல நீண்டு எச்சரிக்காமல் சட்டென்று முறியும். தெரிந்த இன்ஜினியர் இல்லாமல் தொட வேண்டாம்.

விலை சிமெண்ட்டில் இல்லை, நாளில் இருக்கிறது

சரி, சாம்பல் சிமெண்ட் விலையும் பெரும்பாலும் ஓபிசியைவிடக் குறைவு, ஆயுளும் கூடுதல், கார்பனும் குறைவு. பின் ஏன் எல்லோரும் இதில் நன்றாகக் கட்டுவதில்லை? ஏனென்றால் இந்த வினை மெதுவானது. அவசரப்படுத்தினால் பலன் தராது. சாதாரண சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற வேண்டும். கலப்பு சிமெண்ட்டானால், அதுவும் நம் வெயிலில், 14 நாள்வரை நீட்டச் சொல்கிறது ஐஎஸ் 456. மேல்பரப்பு மூன்றாம் நாளே காய்ந்துவிட்டால் சாம்பலின் வேலை அங்கே நின்றுவிடும். நிற்பது எந்த இடத்தில்? நாம் ஐந்து மடங்கு கணக்குப் போட்டோமே, அந்த வெளிப்புற 45 மி.மீ.யில். நடுவில் இருக்கும் கான்கிரீட் நன்றாகத்தான் இறுகியிருக்கும். கியூப் டெஸ்டில் பாஸும் ஆகிவிடும், ஏனென்றால் கியூபைத் தொட்டியில் 28 நாள் ஊறவைத்துத்தான் சோதிப்பார்கள். கூரைக்கு அந்த பாக்கியம் இல்லை.

இந்தக் கூடுதல் ஒரு வாரம் ஒப்பந்தக்காரருக்குச் செலவு. சென்ட்ரிங் பலகை வாடகை, ஆள் கூலி, அடுத்த வேலைக்குத் தாமதம். மிச்சப்படுத்துவது அவர். பதினைந்தாவது வருடம் காரை தலையில் விழுவது அங்கே குடியிருப்பவருக்கு. சொந்தப் பணத்தில் கட்டுகிறவராவது நின்று கேட்கலாம். சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளில் ஒரு கிராமத்தில் போய்ப் பார்த்தேன். கூரைக்கு அடியில் வலையைக் கட்டி வைத்திருந்தார்கள், மீன் வலை. காரை விழுந்தால் அதில் தங்கட்டும், பிள்ளைகள் மேல் விழ வேண்டாம் என்று. கட்டும்போது கவர் பிளாக் இருந்ததா என்று அவர்களை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கேட்க வேண்டியவை

மச்சானுக்கு நான் எழுதிக் கொடுத்த பட்டியல் இது. நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

1. போர்வெல் தண்ணீரையும் மணலையும் கான்கிரீட் வேலைக்கு முன் லேபில் கொடுத்து குளோரைடு பாருங்கள். சரியில்லை என்றால் லாரித் தண்ணீர். நீராற்றுவதற்கும் அதேதான், கரிக்கும் தண்ணீர் கூடாது.
2. வரைபடத்தில் சூழல் வகை "கடுமையானது" என்று போட்டிருக்கிறதா? எம்30, நீர்-சிமெண்ட் விகிதம் 0.45, கவர் 45 மி.மீ., கன மீட்டருக்கு குறைந்தது 320 கிலோ சிமெண்ட். நாலும் சேர்ந்தேதான் வரும்.
3. சிமெண்ட் பிஎஸ்சி அல்லது பிபிசி. சென்ட்ரிங் பிரிக்கும் நாளை அதற்கேற்ப இன்ஜினியரிடம் கேட்டுத் தள்ளிப்போடுங்கள்.
4. கவர் பிளாக்கை அதே தரக் கான்கிரீட்டில் முன்கூட்டியே செய்து வாங்கி வையுங்கள். கான்கிரீட் போடும் அன்று காலையில் அளவுகோலோடு ஒரு சுற்று வாருங்கள். அரை மணி நேர வேலை.
5. பக்கெட்டில் லிட்டர் கோடு போடுங்கள். ஓட்டம் வேண்டுமென்றால் பிளாஸ்டிசைசர், தண்ணீர் இல்லை. வைப்ரேட்டர் இல்லாமல் கொட்ட விடாதீர்கள்.
6. கூரையில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், தூணுக்கும் பீமுக்கும் ஈரச் சாக்கு சுற்றுங்கள், 14 நாள். இந்த 14 நாளை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதற்கான பணத்தைத் தனியாகக் கொடுங்கள். கொடுக்காத பணத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள்.

இதில் ஆறாவதைத்தான் மச்சான் முதலில் அடித்துவிடப் பார்த்தார். "பதினாலு நாளா, கொத்தனார் சிரிப்பாரு மாப்ள" என்றார். இப்போது ஒரு ஆளை அதற்கென்றே தினக்கூலிக்குப் போட்டிருக்கிறார். கூடுதல் இரண்டு மூட்டை சிமெண்ட் வாங்கவில்லை.